தென்னை அந்தும் நான் கொன்ற ஈக்களும்

சென்ற மாதம் அலுவலகத்தில் எனக்குப் பிரிவுபசாரம் நடத்தினார்கள். ஒரு மாலை, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கைக்கடிகாரம், நான்கு பேச்சுகள். நான்காவதாகப் பேசிய தலைமைக் குமாஸ்தா, "நம்ம ரத்தினவேலு அண்ணன் பாத்துக்கிட்ட பூச்சிப் பெட்டியில ஒரு ஈ நுழைஞ்சதா சரித்திரமே கிடையாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சரித்திரம் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வூதியக் காகிதம் கையெழுத்தாகி வந்துவிட்டது. இனி அதை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அலுவலகத்துக்குப் புதிதாக மருந்தடிக்கும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர்கள் இருவர், "இது இல்லாம அந்தக் காலத்துல தென்னம்புழுவ எப்படிண்ணே சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். "ஈ வளர்த்தோம்" என்றேன். கிழவன் கேலி செய்கிறான் என்று இருவரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

நான் முதலில் ரயில்வே பட்டறையில் இருந்தவன். வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், கோலாலம்பூரில் விவசாயத்தைக் கவனிக்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில், பூச்சி அறைக்கு உதவியாளாகப் போனேன். பூச்சி அறை என்றால் பூச்சி ஒழிக்கும் அறை என்றுதான் முதலில் நினைத்தேன். போன பிறகுதான் அங்கே பூச்சியை வளர்க்கிறார்கள் என்று தெரிந்தது. என் மனைவி ஒரு வாரம் இதை நம்பவில்லை. நம்பிய பிறகு அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை.

வேலை கற்றுக் கொடுத்தவர் கனகசபைக் கிராணியார். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், சலவைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் நாள் முழுக்க உட்காரத் தெரிந்தவர். ஆறு மாதத்தில் அவர் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் ஒரு வரியில் அடக்கிவிடலாம்: சுத்தம். மேசைக் கால்கள் நான்கும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும், எறும்பு ஏறக்கூடாது. ஓலைத்துண்டை இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர்ப் புட்டியில் செருக வேண்டும். புழு தவறி விழுந்து சாகாமல் புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி, மேலே மெல்லிய மல்துணி. துணியின் ஓரத்தைச் சுற்றி நாடா.

"பெட்டிக்குள்ள ஈ நிண்டால் அது உன்ர பிழை," என்றார் முதல் நாளே. "மூடியைச் சரியா மூடேல்லை எண்டு அர்த்தம். ஒருக்கால் கண்டால் எழுதி வைப்பன். ரெண்டாந்தரம் கண்டால் நீ திரும்ப ரயில் பட்டறைக்குத்தான். விளங்குதே?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அங்கேதான் வினை தொடங்கியது.

அறைக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எங்களுக்குள் பந்தயம் இருந்தது. லென்ஸ் துரை என்றே பெயர். ஒரு பழைய பண்டிதரிடம் தமிழ் படித்தவர். அதனால் தோட்டத்துத் துரைகளைப் போல 'டேய்' போட வராது. எல்லோரையும் 'நீர்' என்பார். கோபம் வந்தாலும் நீர்தான். நாம் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார்: எத்தனை? எங்கே? யார் பார்த்தது? "நிறைய இருக்குங்க தொரை" என்று சொல்லிவிட்டால் போச்சு. "நிறைய என்பது எண் அல்ல" என்று சொல்லி, எண்ணி வரும்வரை அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் அறையில் அப்போது ராஜ உபசாரம் பெற்றுக்கொண்டிருந்தது தென்னை அந்து. பெரிய அந்துப்பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். இறக்கையை விரித்தாலே கட்டைவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். கரும்பழுப்பு இறக்கை, ஓரத்தில் மஞ்சள் கரை. கல்யாணத்துக்குக் கிளம்பிய அளவுக்கு நேர்த்தியான உடுப்பு, ஆனால் வேலை முழுக்கத் திருட்டு வேலை. காலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் பறக்கும். மற்ற நேரமெல்லாம் ஓலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாட்டம் இருக்கும். பர்மாவில் தொடங்கி இந்த மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் வரை அதன் ராஜ்ஜியம். இந்தியாவிலிருந்து நம் ஆட்களோடு கப்பலேறி வந்த சரக்கு அல்ல இது. இந்த மண்ணின் பூர்வகுடி. நாம்தான் பிறகு வந்தோம்.

தாய் அந்து கீழ் ஓலையின் அடியில் தட்டையான சின்ன முட்டைகளை இடும். நாலைந்து நாளில் குஞ்சுப்புழு. முதலில் உள்ளே தின்ற பச்சை வெளியே தெரியும் அளவுக்குக் கண்ணாடி மேனி. வளர வளர மஞ்சளாகி முதுகில் ஒரு கருங்கோடு விழும். ஓலையைக் கடித்துத் தின்னாது. அடிப்பக்கத்துச் சதையை மட்டும் கோடு கோடாகச் சுரண்டி, மேல்தோலை விட்டுவைக்கும். ஒரு புழு சுரண்டினால் கோடு. ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கில் சுரண்டினால், தூரத்திலிருந்து பார்க்கத் தோப்பே தீயில் வாட்டியெடுத்தது போலிருக்கும். மூன்று வாரம் தின்றபின் ஓலை மடிப்பில் வெள்ளையாக ஒரு தட்டைக் கூடு கட்டிப் படுத்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாளில் மஞ்சள் கரை உடுப்போடு வெளியே வரும். அதன்பின் அதற்கு ஆயுள் சில நாள்தான். முட்டையிலிருந்து முட்டைக்கு ஏறக்குறைய ஆறு வாரம். இவ்வளவும் எனக்கு இன்றும் மனப்பாடம். என் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் நினைவில் இல்லை என்று வீட்டில் குறை சொல்கிறார்கள்.

எங்கள் அறையில் இரண்டு வகைப் பெட்டிகள். ஒன்று தோப்புப் பெட்டி. கிள்ளான் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வாரா வாரம் வரும் நூறு புழுக்களை அதில் விட்டு, நூறில் எத்தனை அந்தாக வெளிவருகிறது என்று துரை பார்ப்பார். மற்றது உபரிப் பெட்டி. அறையிலேயே இட்ட முட்டையிலிருந்து வளர்ந்தவை. ஊசியில் குத்தி வெளியூர்களுக்கு மாதிரி அனுப்புவதற்காக. உபரிக்குத் தனி நோட்டு. அதைத் துரை திறந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்தேன். தோப்புப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு ஈக்கள் உட்கார்ந்திருந்தன. வீட்டு ஈயைவிடச் சின்னவை. மூடியைச் சரியாகத்தான் மூடியிருந்தேன். ஆனால் அதைக் கிராணியாரிடம் யார் சொல்வது? அவர் எட்டரைக்கு வருவார், துரை பத்துக்கு வருவார். நான்கு ஈயையும் பிடித்து நசுக்கி வெளியே போட்டேன். அந்து வராமல் செத்துப்போன கூடுகளை எடுத்தேன். கணக்கு நூறு வர வேண்டுமே? உபரிப் பெட்டியிலிருந்து நான்கு அழகான அந்துகளை எடுத்து உள்ளே விட்டேன். உபரி நோட்டில் 'செத்தது, 4' என்று நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம் முப்பது. ஜன்னலுக்கு இரண்டாவது வலை அடித்தேன், கதவிடுக்கில் துணி திணித்தேன். ஈ நின்றபாடில்லை. நானும் நசுக்குவதை நிறுத்தவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், துரை தினமும் பத்து மணிக்குப் பெட்டி முன் குனிந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, "ரத்தினம், ஈ வந்ததா?" என்று கேட்பார்.

"ஒரு ஈகூட இல்லீங்க தொரை."

"ஒன்றுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். பெட்டி இத்தனை சுத்தமாக இருப்பதைக் கேட்டு ஒரு மனிதன் ஏன் வாடிப்போக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஊர் நினைப்பாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அவர் மனம் குளிரட்டும் என்று மறுநாள் இன்னும் உரக்கச் சொன்னேன். கிராணியார் மட்டும் பக்கத்தில் நின்று பெருமையோடு மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தச் சமயம் கிள்ளானுக்கு அப்பால், கடலோரத் தோப்புகளில் அந்து பெருத்துவிட்டது. ஏக்கர் ஏக்கராகக் கருகிய ஓலை. என் பெட்டிகளின் கணக்கைப் பார்த்துத் துரை முடிவு செய்தார்: நூற்றுக்கு நூறு அந்தாகிறது, தடுப்பார் இல்லை, எனவே மரங்களின் ஓலையை எல்லாம் வெட்டிக் கொளுத்த வேண்டும், குருத்தை மட்டும் விடலாம். திங்கட்கிழமை வெட்டு. வெள்ளிக்கிழமையே போய் மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள்.

கிள்ளான் வரை ரயில், பிறகு மாட்டுவண்டி. பெரிய தோப்புகளை முடித்துவிட்டு, ஓரத்திலிருந்த சின்னத் தோப்புக்கு வந்தேன். அறுபது மரம் இருக்கும். மூன்றாவது மரத்தில் சுண்ணாம்பைத் தொட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருய்யா நீ, என் மரத்துக்குப் பொட்டு வைக்கிற?"

அம்மாக்கண்ணு. நாற்பது வயதிருக்கும். தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் இருபது வருடம் இருந்து புல் வெட்டி, புருஷன் போன பிறகு தனியாக இந்த அறுபது மரத்தை வாங்கி, எண்ணெய் ஆட்டி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தவள். உத்தரவைப் படித்துச் சொன்னேன். இடுப்பில் கைவைத்தபடி கேட்டாள்.

"ஓலைய வெட்டிட்டா காய் எப்ப வரும்?"

"ஒண்ணு, ஒண்ணரை வருஷம் ஆகும் அக்கா."

"அதுவரைக்கும் நான் என்னத்த திங்கிறது? திரும்ப லயத்துக்குப் போயி புல்லு வெட்டவா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் குறியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். "சரி, வெட்டு. அதுக்கு முன்னால ஒண்ணக் காட்டுறேன், வந்து பாரு."

தாழ்ந்த ஓலை ஒன்றை இழுத்துப் பிடித்தாள். புழுக்களுக்கு நடுவே அந்தச் சின்ன ஈக்கள் நடந்துகொண்டிருந்தன.

"பத்து நாளா பாக்குறேன் தம்பி. இது மாட்டு ஈ இல்ல, மீன் ஈ இல்ல. அங்க சாணி கிடக்கு, அதுல உக்காரல. கருவாடு காயுது, அதையும் சீண்டல. புழுவத் தேடித் தேடி உக்காருது. பாரு, பாரு, பொட்டு வைக்குது."

ஒரு ஈ புழுவின் முதுகில் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்தது. அது உட்கார்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. முட்டை. அம்மாக்கண்ணு ஒரு கூட்டை நகத்தால் கீறித் திறந்தாள். உள்ளே அந்து இல்லை. பழுப்பாக, நெல்மணி போல ஒன்று கிடந்தது.

"பொட்டு வச்ச புழு கூடு கட்டுது. ஆனா பூச்சியா வரல. ஈயாத்தான் வருது. புழுவ உள்ளாரயே தின்னுடுது போல. எங்களுக்கே தெரியுது, கவர்மெண்டுக்குத் தெரியாதா?"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த வெள்ளைப் புள்ளிகளை என் பெட்டிப் புழுக்களின் முதுகில் நான் பார்த்திருக்கிறேன். அழுக்கென்று நினைத்துத் தூரிகையால் தட்டிவிடப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஈ ஜன்னல் வழியாக வந்திருந்தால் எல்லாப் பெட்டிக்கும் வந்திருக்க வேண்டும். உபரிப் பெட்டியில் ஒரு நாள்கூட ஈ வந்ததில்லை. அதே அறை, அதே ஜன்னல், அதே மல்துணி. ஈ வெளியிலிருந்து வரவில்லை, புழுவுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. துரை தினமும் கேட்டது சுத்தத்தை அல்ல. இந்த ஈயைத்தான் அவர் வாரக்கணக்காக வழிமேல் விழிவைத்துத் தேடிக்கொண்டிருந்தார். நான் தினமும் ஏழு மணிக்கு அதை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

ஓலையை வெட்டிக் கொளுத்தினால் புழுவோடு இந்த ஈயும் சாம்பலாகும். "என்னய்யா மூஞ்சி இப்படிப் போகுது?" என்று கேட்டாள். "வெயிலு அக்கா" என்றேன். மேகம் மூடியிருந்தது.

ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டால் என் வேலை பிழைக்கும். இரண்டு பிள்ளைகள், குடியிருப்பு வீடு, கடைசியில் ஓய்வூதியம். அம்மாக்கண்ணு திரும்பப் புல் வெட்டப் போவாள், அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது. இந்த எண்ணத்தை பாதி வழியிலிருந்த கித்தாக்காடு, அதாவது ரப்பர்த் தோட்டம், தாண்டும்வரை நன்றாகவே வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவள் கருவாட்டைச் சொன்னது ஞாபகம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பத்து நாளில் பார்த்துவிட்டதை, சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அத்தனை வாரமும் பார்க்கவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணி. துரை குனிந்தார். "ரத்தினம், ஈ வந்ததா?"

"வந்துச்சுங்க தொரை. ரொம்ப நாளா வருது. நான்தான் கொன்னுட்டேன்."

பக்கத்தில் கிராணியாரின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. துரை மெல்ல நிமிர்ந்தார். லென்ஸ் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை?"

"நிறையங்க."

"நிறைய என்பது எண் அல்ல."

கொன்ற ஈயை யார் எண்ணிவைப்பார்கள்? திருட்டுத்தனமாகச் செய்ததற்கு நோட்டு ஏது? தலை குனிந்து நின்றபோதுதான் உபரி நோட்டு கண்ணில் பட்டது. அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஒரு ஈ போனா ஒரு அந்து வச்சேங்க. அந்து போனத இதுல செத்ததுன்னு எழுதினேன். இதுல செத்ததெல்லாம் சாகலைங்க. ஒவ்வொண்ணும் ஒரு ஈ."

துரை உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார். நான்கு. பதினொன்று. முப்பது. கடைசி வாரம் ஐம்பத்தெட்டு. பொய் நோட்டில் உண்மைக் கணக்கு இருந்தது. உண்மை நோட்டில் பொய்க் கணக்கு இருந்தது. அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

"எங்கே?" என்றார். தோப்பைச் சொன்னேன்.

"யார் பார்த்தது?"

நான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "அம்மாக்கண்ணுங்க," என்றேன். "தோப்புக்காரம்மா. நான் பாக்கலைங்க. நான் பாத்தப்பல்லாம் நசுக்கினேன்."

அன்று மதியமே வெட்டை நிறுத்தச் சொல்லித் தந்தி போனது. "நான் நிறுத்துகிறேன், என் பெயரில்," என்றார் துரை. "ஈ தோற்றால் மரங்கள் போகும், பிறகு நானும் போவேன். நீர் எனக்கு முன்னால் போவீர்." தண்டனையையும் அப்போதே சொன்னார். கிள்ளானில் தங்கி, தினமும் தோப்புக்குப் போய், பத்து ஓலையைக் குறித்து, அந்து எத்தனை, ஈ எத்தனை என்று எண்ண வேண்டும். ஈக்கு ஓர் ஆபத்தும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "முக்கியமாக உம்மிடமிருந்து."

அடுத்த தலைமுறை அந்து வெளிவர இரண்டு வாரம் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட இரண்டு வாரத்தைக் கண்டதில்லை. நான் குறியிட்டுவிட்டு எண்ணும்போது அம்மாக்கண்ணு பக்கத்தில் நின்று, "தம்பி, பூச்சி வந்துச்சுன்னா லயத்துக்கு ரெண்டு பேரும் சேந்தே போவோம்லா. உனக்கும் ஒரு அருவா வாங்கி வச்சுட்டேன்" என்பாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அருவாளை எடுத்துக் காட்டினாள். புதிது.

அந்து வெளிவர வேண்டிய நாள் வந்தது. காலையில் குறித்த பத்து ஓலைக்கடியிலும் எண்ணினேன். ஏழு. நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன். ஏழுதான். ஈக்களை எண்ண முடியவில்லை, ஒரு இடத்தில் நின்றால்தானே? மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் நான்கு. அவ்வளவுதான், அந்துக் கூட்டம் அதோடு படுத்துவிட்டது. கருகிய ஓலைகள் கருகியபடியே நிற்க, நடுவிலிருந்து புது ஓலை பச்சையாக விரிந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்தது. அம்மாக்கண்ணு பார்த்துவிட்டாள். "வெயிலா தம்பி?" என்றாள்.

அதன்பிறகு பூச்சி அறையில் ஈக்குத் தனிப் பெட்டி வந்தது. கனகசபைக் கிராணியார் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஈ வந்ததோ?" என்று ஆவலாகக் கேட்டார். வந்தது என்றேன். "நல்லது, நல்லது" என்று போனார். சுத்தம் பற்றி அவர் பிறகு பேசியதில்லை.

துரை ஊருக்குப் போகும்போது தம் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து எனக்குக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போனேன். அம்மாக்கண்ணு தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தொரை உன் பேர எழுதியிருக்காரு அக்கா. 'தென்னை அந்தின் பகைவன்: சிறு ஈ. முதலில் கண்டவர்: அம்மாக்கண்ணு, தோப்புக்காரர்.'"

அவள் உரிப்பதை நிறுத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கே?"

"அது ஒண்ணுமில்ல அக்கா."

"படி."

படித்தேன். "'சிறு ஈயின் பகைவர்கள்: சிலந்தி, எறும்பு, பல்லி, ரத்தினவேலு.'"

"பல்லிக்கும் கீழயா போட்டாரு?"

"ஆமா அக்கா."

காகிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"பல்லி திங்கிறதுக்குத்தானே கொல்லுது," என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காரு."